உருத்திரன் மாமா வித்த நாலு ரயர்

அப்பா போனிலை தந்த விலாசத்துக்குப் போகாதேங்கோ அண்ணை. உருத்திரன் மாமான்ரை ரயர்க் கடைக்கு மட்டும் இந்தக் காரைக் கொண்டுபோகாதேங்கோ. எங்கடை வீட்டு வாசலிலை இறக்குங்கோ. இல்லாட்டி கஜீபன் எண்டு என்ரை சிநேகிதன் ஒருத்தன் மோர்ணிங்சைட் பக்கம் இருக்கிறான், அவன்ரை கராஜடியிலை இறக்குங்கோ. எங்கை இறக்கினாலும் உங்கடை இழுவை லொறிக்கு ஒரே இழுவைதானே.

ஏனெண்டோ? சொல்லுறன். இந்தப் பனிக்குள்ளை ஸ்ரீல்ஸ் றோட்டாலை ஸ்காபரோ போய்ச்சேர முக்கால் மணித்தியாலம் பிடிக்கும், அதுக்குள்ளை சொல்லி முடிக்கலாம். எனக்குச் சுத்திவளைச்சுக் கதைக்கத் தெரியாது. உள்ளதை உள்ளபடி சொல்லுவன். அதாலைதான் எனக்கும் அப்பாவுக்கும் சரிவாறேல்லை. ஹீற்றரைக் கொஞ்சம் கூட்டுவியளோ அண்ணை, கால் விறைக்குது.

ஊரோ? அப்பா புலோலி. நான் இஞ்சை பிறந்தது. தமிழ் நல்லா வரும், அப்பா தமிழிலைதான் ஏசுவார்.

நீங்கள் வரேக்கை கார்க் கூரையிலை ஒரு கோட்டு மூடிக் கிடந்தது கண்டனியள்தானே. அதுக்குக் கீழை இருக்கிறது பேர்ப்பலகை. 'புவனேந்திரன் சாரதிப் பயிற்சி, இருபத்திரண்டு வருட அனுபவம்.' ஓம், அந்தப் புவனேந்திரன்தான். உங்கடை மனிசியும் அவரிட்டையோ பழகினவ? பாத்தியளே. றோட்டாலை போறவை எல்லாம் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு போனவை, அரைவாசிப்பேர் அப்பான்ரை மாணவர்தான். அதுக்காகத்தான் தன்ரை கோட்டைக் கழட்டிப் பலகையை மூடினவர். நெத்தியிலை வீக்கம், காது ரெண்டும் செக்கச்செவேல், உடம்பிலை வெறும் சேட்டு. பலகைக்குக் கோட்டு.

சாரதிப் பயிற்சிக்காரர் எப்பிடி வாய்க்காலுக்குள்ளை போனவர் எண்டு நீங்கள் கேக்கேல்லை, ஆனால் கேக்க நினைக்கிறியள். பேச்சுக்குப் போகேக்கை. மார்க்கம் நகரத்து முதியோர் சங்கத்திலை இண்டைக்கு ரெண்டு மணிக்கு அப்பான்ரை பேச்சு. தலைப்பு 'பனியும் பாதுகாப்பும்.' வருசா வருசம் மார்கழியிலை பேசுவார். கொம்பியூட்டரிலை படம் மாத்த என்னைக் கூட்டிக்கொண்டு போனவர். நான் படிப்பை விட்டவன்தானே, எனக்கு எப்பவும் நேரம் இருக்கெண்டு வீட்டிலை எல்லாருக்கும் நினைப்பு.

ஓம், விட்டிட்டன். பன்னிரண்டிலை ரெண்டு பாடம் கிடக்க, பங்குனி மாதம் ஒருநாள் பள்ளிக்கூடத்தாலை நடந்து வந்தனான், பேந்து போகேல்லை. விசர்தான், ஆனால் என்ரை விசர். அப்பா சனத்துக்குச் சொல்லுறது 'மகன் ஒன்லைனிலை படிக்கிறான்' எண்டு. என்ன படிக்கிறான் எண்டு கேட்டால் 'எல்லாம்' எண்டுவார். கோயிலிலை ஒரு அன்ரி என்னட்டை வந்து தன்ரை மகளுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பித் தரச் சொன்னவ. நான் படிக்கேல்லை அன்ரி, படுத்திருக்கிறன் எண்டனான். அப்பா ரெண்டு கிழமை என்னோடை கதைக்கேல்லை.

உருத்திரன் மாமா மட்டும்தான் வேறை மாதிரி. சொந்த மாமா இல்லை. அப்பாவும் அவரும் ஒரே கிழமையிலை இந்த நாட்டுக்கு வந்தவை, ஒரே பேஸ்மென்ரிலை ஒரே கட்டிலிலை முறை வைச்சுப் படுத்தவை. இருபத்தேழு வருசம். மாமா சொன்னவர், 'படிக்கப் பிடிக்கேல்லையெண்டால் விடு, பொங்கல் முடியக் கடைக்கு வா, ரயர் பழகு. ஆனால் ஒண்டு, சொன்ன நேரத்துக்கு வரவேணும்.' அவ்வளவுதான். புத்திமதி ஒண்டும் இல்லை. இன்னும் மூண்டு கிழமையிலை எனக்கு அங்கை வேலை.

இருங்கோ, அந்த லொறி முந்தட்டும். கண்ணாடியெல்லாம் சேறு.

நீங்கள் கொக்கி கொளுவேக்கை குனிஞ்சு ரயரைத் தடவிப் பாத்தனியள். பாத்திட்டு என்னைப் பாத்தனியள். நான் கண்டனான். அதுக்கு வாறன், முதல்லை அப்பான்ரை கதையைக் கேளுங்கோ, அப்பதான் விளங்கும்.

அப்பாவுக்குப் பனிக்காலத்துக்குப் போடுற வின்ரர் ரயரிலை நம்பிக்கை இல்லை. 'ஓல் சீசன் எண்டு கொம்பனிக்காரன் எழுதியிருக்கிறான், பனி என்ன சீசன் இல்லையோ?' இதுதான் கேள்வி. உருத்திரன் மாமா பத்து வருசமாச் சொல்லுறார், ஏழு பாகைக்குக் கீழை போனால் சாதாரண றப்பர் ஆறின றொட்டி மாதிரி விறைச்சுப்போம், வின்ரர் ரயர் அப்பவும் மெத்தெண்டு இருந்து றோட்டைப் பிடிக்கும் எண்டு. அப்பா சொல்லுவார், 'பிடி ரயரிலை இல்லை உருத்திரன், கையிலை.' ஸ்ரியறிங்கைப் பிடிக்கிற மாதிரி ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். வெறும் காத்தை.

பேந்து அரிசி. வந்த புதுசிலை ஆரோ சொன்னவையாம், பனிக்காலத்திலை டிக்கிக்குள்ளை பாரம் வைச்சால் கார் வழுக்காதெண்டு. வெள்ளைக்காரர் மணல் மூட்டை வைப்பினம். மணலைப்போய் ஆரும் காசுக்கு வாங்குவானோ எண்டு அப்பா புழுங்கல் அரிசி மூட்டை ரெண்டை ஏத்தினார். பனி முடியச் சமைக்கலாமெல்லோ. அந்தக் காலத்துக் கார் பின்சில்லு தள்ளுற கார், அதுக்குப் பாரம் சரி. இது முன்சில்லு இழுக்கிற கார் அண்ணை. பின்னுக்கு ஏத்தினால் முன்னுக்கு எழும்பும், இழுக்கிறதும் திருப்புறதும் முன்சில்லு, அதுக்கு இருக்கிற பிடியும் போம். நான் சொன்னனான். 'பன்னிரண்டு முடிக்காதவன் எனக்குப் பௌதிகம் படிப்பிக்கிறான்' எண்டார்.

வீட்டிலை அரிசி முடிஞ்சால் அம்மா அரிசி அளக்கிற சுண்டைக் கொண்டு காரடிக்குத்தான் போவா. காலமை ஆறரைக்குச் சப்பாத்துப் போட்டு, தொப்பி போட்டு, டிக்கியைத் திறந்து மூண்டு சுண்டு அள்ளிக்கொண்டு வருவா. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவன் ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிப்பான். மூட்டை குறையக் குறைய, கார் வழுக்குதெண்டு அப்பா அம்மாவை ஏசுவார். 'நீர் ரெண்டு நேரமும் சோறு காச்சினால் என்னெண்டு பிறேக் பிடிக்கும்?' பனி கொட்டுமெண்டு ரீவியிலை சொன்னால் அண்டைக்கு இரவு எங்களுக்குப் புட்டு.

சிரியுங்கோ அண்ணை, சிரிக்கிறதுக்குத்தான் சொல்லுறன்.

பேந்தொருநாள் கார் வாசலிலை புதைஞ்சு நிண்டது. அப்பா அம்மான்ரை தும்புக் கால்மிதியை எடுத்து முன்சில்லுக்குக் கீழை வைச்சு அக்சிலேற்றரை அமத்தினார். கால்மிதி பறந்துபோய் அந்த இத்தாலியக் கிழவன்ரை கார்க் கண்ணாடியிலை ஒட்டிக்கொண்டுது. 'நல்வரவு' எண்ட எழுத்து அவன்ரை பக்கம் பாத்தபடி.

எப்பிடி மனம் மாறினவரெண்டால், அம்மாவாலை. அம்மா ஒரு பராமரிப்பு இல்லத்திலை வேலை, அப்பாதான் கொண்டுபோய் விடுறவர். கார்த்திகைக் கடைசியிலை ஒருநாள் சிவப்பு விளக்குக்குக் கார் நிக்கேல்லை. மெதுவா, மரியாதையா, சந்தி நடுவிலைபோய் நிண்டது. அம்மா கதவைத் திறந்து இறங்கினா. 'ரயர் மாத்தும்வரைக்கும் நான் பஸ்ஸிலை போறன்' எண்டிட்டு நடந்தா. அந்த பஸ் தரிப்பிடத்திலை அப்பாட்டைப் பழகுற பிள்ளையள் மூண்டுபேர். 'மாஸ்ரர் வீட்டு அன்ரி, ஏன் பஸ்ஸிலை?' அடுத்தநாளே அப்பா உருத்திரன் மாமாட்டைப் போய் நாலு வின்ரர் ரயர் வாங்கினவர். ரயருக்காக வாங்கேல்லை, பஸ் தரிப்பிடத்துக்காக.

முதல் பனி விழுந்த கிழமை, ரயர்க் கடையிலை திருவிழாக் கூட்டம். அண்டைக்குப் பூட்ட ஏலாது, வாற சனிக்கிழமை வாங்கோ, ரயர் கடையிலையே கிடக்கட்டும் எண்டு மாமா சொன்னவர். அப்பா விடேல்லை. ஏனெண்டால் கோயிலுக்குக் கொண்டுபோகவேணுமாம். புதுக் காருக்குப் பூசை செய்யேக்கை ரயருக்குக் கீழை தேசிக்காய் வைச்சு நசிக்கிறதில்லையோ. அப்ப புது ரயருக்கும் செய்யத்தானே வேணும். ஐயர் ரயரைப் பாத்தார், அப்பாவைப் பாத்தார். நாலு ரயருக்கும் சந்தனம் குங்குமம் வைச்சு, இன்னும் காரிலை பூட்டாததாலை அப்பாவும் நானும் ரயரைக் கையாலை உருட்டித் தேசிக்காய் நசிச்சனாங்கள். நசியேல்லை. அப்பா ஏறி நிண்டு மிதிச்சவர். பேந்து ஒரு கிழமை சாமியறையிலை நாலு ரயரும். அம்மா காலமை விளக்கு வைக்கேக்கை ரயர் மணம்.

அதோடை சனிக்கிழமை ஒன்பதிலையிருந்து பத்தரை இராகுகாலமாம். ஏழரைக்கே போய், ஒன்பதுக்கு முன்னம் முதல் ரயரெண்டாலும் பூட்டவேணும். இப்பிடி ஒரு மனிசன். இதைச் சொன்னால் ஆரும் நம்பமாட்டினம்.

இப்ப இண்டையான் கதைக்கு வாறன்.

பேச்சுக்குப் போகேக்கை அப்பாவுக்கு நல்ல புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. வழி முழுக்க ரயர்தான். 'பாத்தியே, என்ன பிடி. றோட்டைக் கவ்வுது. உருத்திரன் சொன்னது சரிதான், சும்மா சொல்லக்கூடாது.' பத்து வருசத்திலை முதல்தரம் மாமா சொன்னது சரி. 'உனக்கு விளங்குதோ, இருக்கிற இருப்பே வேறை' எண்டார். நான் ஜன்னலாலை பாத்தனான். ரயர் சரியில்லையெண்டு உங்களுக்குத் தடவினவுடனை தெரிஞ்சது. இருபத்திரண்டு வருசம் படிப்பிச்சவருக்கு ஓட்டியும் தெரியேல்லை. அப்ப ஆரிலை பிழை சொல்லுங்கோ.

அந்த வளைவு வருமுன்னம் ஆக்களில்லாத நேர் றோட்டு. 'இப்ப பார், பேச்சிலையும் இதைச் சொல்லப்போறன். அறுபதிலை போய் பிறேக் பிடிக்கிறன், எத்தினை அடியிலை நிக்குதெண்டு எண்ணு' எண்டார். நான் சீற்பெல்ற்றை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டனான். சொல்லியிருக்கலாம். ஓம், தெரியும். ரெண்டு செக்கன் இருந்தது. ஆனால் அவர் கதைச்சுக்கொண்டிருக்கேக்கை இடையிலை கதைச்சால் அவருக்குப் பிடிக்காது.

நிக்கேல்லை. வளைவு திரும்பினது, கார் திரும்பேல்லை. அவ்வளவுதான். றோட்டோரப் பனிப்புட்டியிலை ஏறி, வாய்க்காலுக்குள்ளை மூக்கைக் குத்திக்கொண்டு நிண்டது. அப்பா நெத்தியைத் தடவிப்போட்டு முதல் கேட்டது 'உனக்கொண்டும் இல்லையே தம்பி?' எண்டு. என்னைத் தம்பியெண்டு கூப்பிட்டு எவ்வளவு காலம். நான் இல்லையெண்டன். நல்லா இருந்திது, ஒரு நிமிசம்.

பேந்து போனை எடுத்தவர், உருத்திரன் மாமாவுக்கு. நான் பக்கத்திலை. 'டேய் உருத்திரன், எனக்கே கடையிலை கனகாலம் கிடந்த பழைய ரயரை வித்திருக்கிறாய் என்ன. என்ரை பிள்ளையைக் கொல்லப் பாத்தனீ என்ன. ஒரே கட்டிலிலை படுத்தனாங்களடா.' மாமா மற்றப் பக்கத்திலை ஏதோ சொல்ல வெளிக்கிட்டவர், அப்பா விடேல்லை. 'இண்டைக்கு முதியோர் சங்கத்திலை உன்ரை பேரைச் சொல்லித்தான் பேச்சைத் துவங்குவன். அங்கை இருக்கிற எண்பதுபேரும் உன்ரை கடையிலைதான் பிள்ளையளின்ரை காருக்கு ரயர் போடுவிக்கினம். இனிப் போடுவிக்கட்டும் பாப்பம். காரை உன்ரை கடைக்குத்தான் இழுப்பிக்கிறன், பேச்சு முடியச் சங்கத்து ஆக்களோடை வாறன், வந்து எல்லாருக்கும் முன்னாலை உன்ரை ரயரைக் காட்டுறன்.' சங்கத்துத் தலைவர் அந்த நேரம் பாத்து அதாலை வந்தவர், அப்பாவை ஏத்திக்கொண்டு போட்டார். நான் காரோடை.

மாமான்ரை கடை அதோடை சரி அண்ணை. எங்கடை சனத்தைத் தெரியும்தானே, 'ரயரிலை ஏமாத்திறவன்' எண்டு ஒரு வாய் வந்தால் ஆயிரம் வாய். என்ரை வேலையும் சரி.

உங்களுக்கு விளங்கியிருக்கும். ஓம். அது வின்ரர் ரயர் இல்லை. காரிலை முந்தியிருந்த பழைய ரயர்தான், நாலும்.

சனிக்கிழமை ஏழரைக்குப் போகச்சொல்லி நாலு ரயரையும் அப்பாதான் காருக்குள்ளை ஏத்திவிட்டவர். வெள்ளி இரவே ஏத்தினவர். நான் எழும்பேக்கை ஒன்பது மணி பத்து நிமிசம். இராகுகாலம். அவர்தானே சொன்னவர், இராகுகாலத்திலை துவங்கக்கூடாதெண்டு. அவற்றை நம்பிக்கைக்கு மரியாதை குடுத்துப் படுத்தனான். பத்தரைக்குப் பிறகு போனால் கடையிலை கூட்டம், அதுக்குள்ளை கஜீபன் போன் எடுத்தவன், புது கேம் வந்திருக்கு வாவெண்டு. ரயரை அவன்ரை கராஜிலை இறக்கி வைச்சிட்டு, பின்னேரம் வீட்டை வந்தனான். திங்கள் போய்ப் பூட்டலாமெண்டு நினைச்சனான். திங்கள் வந்தது, போகேல்லை. அப்பா வாசலிலை நிண்டு காரைச் சுத்திப் பாத்திட்டு, 'இப்பதான் கார் கார் மாதிரி நிக்குது' எண்டார். பூட்டினியோ எண்டு கேக்கேல்லை. கேட்டிருந்தால் இல்லையெண்டு சொல்லியிருப்பன். நான் பொய் சொல்லேல்லை அண்ணை, அவர் கேக்கேல்லை.

அதுதான் சொல்லுறன், கஜீபன் வீட்டை விடுங்கோ. அவனிட்டை ஜாக்கி இருக்கு. ரெண்டுபேருமாச் சேந்து நாலு ரயரையும் மாத்திப்போட்டால், அப்பா வரேக்கை வின்ரர் ரயர் இருக்கும். பழுதில்லாத ரயர். அப்ப மாமாவிலையும் பிழையில்லை, என்னிலையும் பிழையில்லை. பனியிலை பிழை.

என்ன? இல்லை, இரும்பு றிம் இல்லை. வெறும் ரயர்தான். ஓ. றிம்மிலையிருந்து கழட்டி ஏத்த மிசின் வேணுமோ. கையாலை ஏலாதோ. கஜீபன்ரை அப்பான்ரை கராஜிலை மிசின் ஒண்டும் இல்லை, பனி வழிக்கிற சவள்தான் இருக்கு. மிசின் எங்கை இருக்கும்? ஞாயிற்றுக்கிழமையிலை திறந்திருக்கிறது மாமான்ரை கடை மட்டுமோ.

சிரியாதேங்கோ அண்ணை. இப்ப சிரிக்கிறதுக்குச் சொல்லேல்லை.

சரி, மாமான்ரை கடைக்கே நேரை போங்கோ. திரும்பவேண்டாம்.

ஒண்டு சொல்லேல்லை. நீங்கள் வரமுன்னம், அப்பா போன உடனை, மாமா எனக்குப் போன் எடுத்தவர். ஏசேல்லை. 'இப்பதான் கடைக் கொப்பியைப் பாத்தனான், அந்தச் சனிக்கிழமை நீ வரேல்லை' எண்டார். பேந்து, 'உன்ரை கொப்பருக்கு நான் சொல்லமாட்டன். நான் சொன்னால் தப்புறதுக்குப் பொய் சொல்லுறன் எண்டுவான், மகனையும் இழுக்கிறன் எண்டுவான். நீ சொல்லு. ரெண்டு மணிக்கு முன்னம் எடுத்து, அப்பா நான் பூட்டேல்லை எண்டு சொல்லு. அவ்வளவுதான் தம்பி, வேறை ஒண்டும் வேண்டாம்' எண்டிட்டு வைச்சிட்டார். அந்த மனிசனும் இண்டைக்குத்தான் என்னைத் தம்பியெண்டது.

இப்ப ரெண்டு பத்து. சங்கத்தின்ரை கூட்டம் போனிலை நேரலையாப் போகுது, பாருங்கோ. அப்பாதான் அது, சேட்டோடை நிக்கிறவர். நெத்தி வீங்கியிருக்கிறது வடிவாத் தெரியுது. 'பேச வந்தது ஒண்டு, பேசப்போறது வேறை ஒண்டு' எண்டார். 'உங்களிலை உருத்திரன்ரை கடையிலை ரயர் போட்டவை எத்தினைபேர், கையை உயத்துங்கோ' எண்டார். எத்தினை கை பாருங்கோ. அவற்றை போன் மேசையிலை தண்ணிப் போத்தலுக்குப் பக்கத்திலை கிடக்குது. இப்ப எடுத்தால் மேசை அதிரும், பேச்சு நிக்கும். ஓம் அண்ணை, எடுக்கத்தான் வேணும். தெரியும். நீங்கள் பொறுங்கோ.

அதுதான் கடை. அந்த மஞ்சள் கதவு.

வாசலிலை மாமாதான் நிக்கிறார், எங்களுக்காகத்தான் பனி வழிக்கிறார். கதவையும் திறந்து விட்டிருக்கிறார். என்னைக் கண்டிட்டார். கையைக் காதடியிலை வைச்சுக் கேக்கிறார், எடுத்தனியோ எண்டு.

நான் ஓமெண்டு தலையாட்டினன். நீங்கள் கண்டனியள். எடுக்கேல்லை அண்ணை.